பார்ப்ரா சொல்லாமல் விட்ட இரண்டு சொல்

பார்ப்ராவின் வாயில் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. அயர்லாந்தின் கொனமாரா கடலோரத்தில் பாசி அள்ளுவதற்கும் சதுப்பில் அடுப்புக்கு எரிகட்டி வெட்டுவதற்கும் அவளிடம் தனித்தனிச் சொல் இருக்கும். அதனால்தான் டப்ளினிலிருந்து அகராதிக்குச் சொல் திரட்ட வந்தவர், அவள் பக்கத்து வீட்டு ஷிபேலின் அடுப்படியில் இருக்கிறாள் என்று கேட்டு அங்கேயே வந்துவிட்டார்.

"ஆச்சரியம் வந்தா என்ன சொல்வீங்கம்மா?"

பார்ப்ரா தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிபேல்தான் பதில் சொன்னாள்: "'ஈன்தஸ்'னுவோம். மழை மாதிரி அது ஆள் மேல வந்து விழும். பசி, வெட்கம் எல்லாமே எங்க பேச்சுல ஆள் மேலதான் விழும்."

"வழக்கத்துல இல்லாததுங்கறதுதான் அந்தச் சொல்லுக்கு மூலம். அதைச் சொன்ன பிறகு வேற ஏதாவது சேர்ப்பீங்களா?"

"'கடவுள் காக்க'ன்னு சேர்க்கணும். குழந்தையோ கன்னுக்குட்டியோ, சும்மா வியந்தா கண் பட்டுடும். தும்மினவங்களுக்கும் அதையேதான் சொல்வோம். இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்சீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே எழுதி முடித்துக் கிளம்பினார். பார்ப்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன், இதே அடுப்படியில், ஷிபேலின் மகன் ஃபெஸ்டி ஒன்பதே மாதத்தில் எழுந்து நடந்தான். "ஈன்தஸ்!" என்று கூவினாள் பார்ப்ரா. மிச்சம் இரண்டு சொல் வரவில்லை. மறதி என்று தனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தாள், பொய். கல்யாணமாகி ஆறு வருடம் மடி நிறையாதவள், வயிறெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. இடது கால் சூம்பிப்போனது.

"அக்கா, அன்னைக்கு நான் 'கடவுள் காக்க' சொல்லல. வேணும்னுதான் சொல்லல."

ஷிபேல் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரியும்டி. காது அடைச்சா போச்சு எனக்கு?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கத்தான் வந்தேன். கண் வெச்சவ சால்வை நுனிய நறுக்கி எரிச்சு, புள்ளைக்குப் புகை காட்டணும்ல? கத்திரிக்கோலோட உன் வாசல் வரைக்கும் வந்தேன். புள்ள இல்லாதவகிட்ட, 'நீ கண் வெச்சுட்டே'ன்னு எப்படிச் சொல்றது? திரும்பிட்டேன்." அவள் இன்னொரு கட்டியை அடுப்பில் வைத்தாள். "அவன் காலைப் பாக்கறப்பெல்லாம் அந்த வாசல்தான் ஞாபகம் வருது. கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"முழுச் சால்வையையும் குடுத்திருப்பேன் அக்கா."

வெளியே காலடி கேட்டது. ஒன்று அழுத்தமாக, ஒன்று இழுத்தபடி. எரிகட்டிக் கூடையை முதுகில் சுமந்து ஃபெஸ்டி உள்ளே வந்தான்.

"கடவுள் காக்க," என்றாள் பார்ப்ரா.

"என்ன சித்தி, நான் தும்மினேனா?"

அவன் சிரித்தபடி கூடையை இறக்கினான். இருவரும் அவன் முகத்தைப் பார்க்காமல் கட்டிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்கள்.