எக்ஸும் வையும் உள்ள சொல்

கலியாணம் முடித்துப் புளியந்தீவுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சொந்த ஊர் வாவிக்கு அக்கரையில் வயல்காட்டுப் பழுகாமம். மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கி ஆறாம் வகுப்புவரை இங்கிலீசு படித்திருந்தேன். அதோடு போதும் என்று அப்பா நிறுத்திவிட்டார். என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர்.

சனிக்கிழமை கச்சேரி அரைநாள்தான். பின்னேரம் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் தபால் கந்தோரில் வேலை செய்த, வீட்டிலும் இங்கிலீசே பேசும் பறங்கி ஐயா, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், மற்றவர் கச்சேரிச் சிநேகிதர். நாலு பேருமாக விறாந்தையில் மேசையைச் சுற்றி இருந்து இங்கிலீசுச் சொல் விளையாடுவார்கள். ஒருவர் இரண்டு எழுத்துச் சொல்லுவார். அந்த இரண்டும் எங்கேயாவது வருகிற சொற்களை ஐந்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும். இரண்டு பேர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் அது வெட்டு. யாரும் நினைக்காத சொல்லுக்குத்தான் புள்ளி.

ஒரு நாள் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது எழுத்துகள் கேயும் எஃப்பும். நாலு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு இருந்தார்கள். என்னையறியாமல் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நைஃப்."

பறங்கி ஐயா சிரித்தார். "அம்மா குசினிச் சொல்லு சொல்லுறா. இனி ஃபோர்க்கும் வரும்!"

மற்றவர்களும் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. "நீ உள்ள போய் இரி" என்றார்.

போனேன். அடுப்படியில் நின்றபோது முகமெல்லாம் எரிந்தது. நான் சொன்னது சரியான சொல். அதில் சத்தமில்லாத கேயும் இருந்தது, எஃப்பும் இருந்தது. பிறகு எதற்குச் சிரிப்பு? இந்த மேசையில் ஒரு நாள் நானும் இருந்து விளையாடுவேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அலுமாரியில் ஒரு அகராதி இருந்தது. கிளாக்கர் சோதினைக்குப் படிக்க என்று கணவர் வாங்கியது, அட்டை போய்விட்டது. அவர் காலையில் கச்சேரிக்குப் போனதும் சமையலை முடித்துவிட்டு அதைத் திறப்பேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று கணக்கு வைத்தேன். அகராதி முதல் எழுத்தைப் பார்த்துத்தான் சொற்களை அடுக்கியிருக்கும். எனக்கு வேண்டியதோ நடுவிலும் கடைசியிலும் ஒளிந்திருக்கிற எழுத்து. அதனால் பழைய கலண்டர்த் தாள்களைத் தைத்து ஒரு கொப்பி செய்து, கே, ஜே, கியூ, எக்ஸ், இசட் என்று அருமையாக வரும் எழுத்துகளுக்குத் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினேன். அகராதியில் 'எஃப்' எழுத்து முடிகிற இடத்தில்தான் உறைத்தது: விளையாட்டில் கேட்பது சோடி எழுத்து. எக்ஸ் பக்கத்தில் நூறு சொல் இருந்து என்ன, அதில் வை வருவது எது என்று தேடுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். இரண்டு மாத வேலை வீண். அழுகை வந்தது. கொப்பியைப் பிரித்துவிட்டுச் சோடி சோடியாக முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

அறுவடைக்கு ஊருக்குப் போனபோது அகராதியையும் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துத் தோணியேறினேன். அம்மா சூடடிக்கிற களத்தை விட்டுவந்து என்னைப் பார்த்தா.

"என்ன புள்ள, நாள் முழுக்க எழுதுறாய்?"

"இங்கிலீசுச் சொல்லு பொறுக்குறன் அம்மா."

"உன்ட புருசன் கச்சேரியில எழுதுறது காணாதா?"

"அது அவர்ட எழுத்து. இது என்ட."

அம்மா திரும்பிக் களத்துக்குப் போனா.

எட்டு மாதத்தில் அகராதி முடிந்தது. அதற்கு இரண்டு கிழமை பிந்தி வாத்தியாருக்குக் காய்ச்சல். அந்தச் சனிக்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள். ஒரு ஆள் குறைகிறதே என்று பேசிக்கொண்டிருந்தபோது தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, வாத்தியாரின் கதிரையில் இருந்தேன்.

"நான் விளையாடுறன்" என்றேன்.

கணவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. பறங்கி ஐயாதான், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று ஒரு தாளும் பென்சிலும் தந்தார்.

முதல் சுற்றில் இரண்டு சொல்தான் எழுதினேன். இரண்டும் வெட்டுப்பட்டன. அடுத்த சுற்றில் கொஞ்சம் தேறினேன். கடைசிச் சுற்றுக்குக் கச்சேரிச் சிநேகிதர் சொன்ன எழுத்துகள் எக்ஸும் வையும். கொப்பியின் அந்தப் பக்கம் கண்முன்னே விரிந்தது. வரிசையாக எழுதிக்கொண்டே போனேன்.

வாசிக்கும்போது சிக்ஸ்டி எல்லாரிடமும் இருந்தது. ஒக்சிஜன் கணவரிடமும் இருந்தது. 'லாரிங்க்ஸ்' என்று வாசித்தேன். பறங்கி ஐயா கையை உயர்த்தினார்.

"பிழை அம்மா. அது லிங்க்ஸ். காட்டுப் பூனை மாதிரி ஒரு மிருகம். நான் எழுதியிருக்கிறன், பாருங்க."

"அதுவும் இருக்கு ஐயா. இதுவும் இருக்கு."

"நான் பிறந்ததில இருந்து இங்கிலீசு பேசுறன். அப்பிடி ஒண்டு கேள்விப்படல்ல."

"அகராதியைப் பாப்பம்" என்றேன்.

கணவர் எழுந்துபோய் அகராதியை எடுத்துவந்து தேடத் தொடங்கினார். "தாங்க" என்று வாங்கி, ஒரே விரிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்து ஐயாவின் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லாரிங்க்ஸ் என்றால் குரல்வளை என்று வாசித்தார். வாசித்துவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு காலமா இது எனக்குள்ள இருந்திருக்கு" என்றார்.

அன்றைக்கு ஐயா முதலாவது, நான் இரண்டாவது. என் கணவர் கடைசி.

மூன்று நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது கேட்டார்.

"எத்தினை மாசமாப் படிச்சாய்?"

"எட்டு மாசம்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்கதானே உள்ள போய் இரி எண்டு சொன்னீங்க."

அவர் கையைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "வாத்தியார் வந்தாலும் அஞ்சு பேரா விளையாடலாம்" என்றார். அடுத்த நாள் கச்சேரி விட்டு வரும்போது ஒரு கதிரையை இரவல் வாங்கி ஒரு கூலியாளின் தலையில் வைத்துக் கொண்டுவந்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை ஐந்து கதிரையும் போதவில்லை. பறங்கி ஐயா தன் மனைவியையும் கூட்டிவந்திருந்தார். "உங்கட கதையைச் சொன்னன். இவவும் விளையாட வேணுமாம்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. அந்த அம்மா கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தா. அதிகம் பேசவில்லை. எல்லாச் சுற்றிலும் எங்கள் ஐந்து பேரையும் தோற்கடித்தா. போகும்போது என் கையைப் பிடித்து, "வி எழுத்துல நீங்க நல்லா இல்ல" என்றா.

உண்மைதான். திங்கட்கிழமை கணவர் கச்சேரிக்குப் புறப்பட்டதும் வி எழுத்தில் தொடங்கினேன்.