கொழும்பிலிருந்து வந்த இரண்டு ட்ரைவர்கள்

சிங்களத்தில் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னதற்காக நான் பொலிஸ் கூண்டுக்குள் இருந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் சர்க்கிட் படிப்பதற்கு முன் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

1. ஆர்டர்

கேகாலைப் பக்கம் ஒரு பஜாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். வடக்கில் புலிகளோடு சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். தொழிலாளர் லயத்தில் யாருக்கு என்ன தொல்லை வந்தாலும் பொலிஸிலும் அரசாங்கக் கந்தோரிலும் போய்ப் பேசுகிறவர் அவர்தான். அதனால் அவர் கடைக்கு வந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

"பாஸ், புத்தக அலமாரில வைக்கிற மாதிரி சின்ன ஸ்பீக்கர் பொட்டி ரெண்டு செஞ்சு குடுங்க. கோயில்ல கட்டுற ஸ்பீக்கர் குழாய் மாதிரி கணீர்னு இருக்கணும். ஆனா குழாய் மாதிரி கத்தப்படாது" என்றார். கைத்தொழில்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கணீர் என்று வர வேண்டுமானால் கோயில் குழாயின் பின்னால் திருகியிருக்கிற யூனிட்டின் ஜாதிதான் வேண்டும். அதைத்தான் புத்தகத்தில் கொம்ப்ரஷன் ட்ரைவர் என்று போட்டிருக்கும். மெல்லிய தகடு ஒன்று சத்தத்தை நெருக்கிச் சின்ன ஓட்டை வழியாகத் தள்ளும். அந்த ஓட்டைக்கு முன்னால், சத்தம் சிதறாமல் விரிந்து வர ஒரு வாய் வேண்டும். அதற்குப் பெயர் வேவ்கைட். நாங்கள் வாய் என்றே சொல்வோம்.

வாய் செதுக்கும் வேலையை விமலே பாஸிடம் கொடுத்தேன். சிங்களத் தச்சர், பலா மரத்தில் கைதேர்ந்தவர். பழைய யூனிட் ஒன்றை மாட்டிப் பார்த்தபோது முதல் வாய் மூக்கால் பேசியது. யூனிட்டின் ஓட்டைக்கும் மரத்தின் ஓட்டைக்கும் நடுவே நகக்கண் அளவு படி. சத்தம் அதில் தடுக்கி விழுகிறது. விமலே பாஸ் முணுமுணுத்துக்கொண்டே அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

2. டெலிபோன்

நான் சொல்லிவைத்திருந்த புது ட்ரைவர் இரண்டும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தன. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காசு கொடுத்து டெலிபோன் பேசுகிற கொமினிகேஷன் கடைக்கு ஓடி, விமலே பாஸுக்கு எடுத்துச் சிங்களத்தில் சொன்னேன்:

"ட்ரைவர்லா தென்னா ஆவா. கொழம்ப இந்தலா. ஹெட்ட டெஸ்ட் கரமு."

இரண்டும் கொழும்பிலிருந்து வந்துவிட்டன, நாளைக்கு டெஸ்ட் பண்ணுவோம் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. ஆனால் சிங்களத்தில் இரண்டு பொருள் என்றால் 'தெக்க', இரண்டு ஆள் என்றால் 'தென்னா'. ட்ரைவர் என்று வாயில் வந்ததும், லொறி ஓட்டுகிறவர்களைச் சொல்வதுபோலத் 'தென்னா' என்று வந்துவிட்டது. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற மிதப்பு வேறு.

லைனுக்குக் காத்து நின்ற யாரோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு தமிழன் கொழும்பிலிருந்து இரண்டு ட்ரைவர்களை வரவழைத்திருக்கிறான். நாளைக்கு ஏதோ டெஸ்ட் செய்யப்போகிறான். குண்டு வைக்கிறவன் என்று பொலிஸில் போய்ச் சொல்ல, அந்தக் காலத்தில் வேறு என்ன வேண்டும்?

3. டெஸ்ட்

கப்பாசிட்டர் இல்லாமல் இந்த ட்ரைவருக்குக் கரண்ட் காட்டக்கூடாது. கனத்த கீழ்ச்சுருதிச் சத்தம் உள்ளே போனால் தகடு கிழிந்துவிடும். மறுநாள் காலை விமலே பாஸின் பட்டறையில் கப்பாசிட்டரைப் பற்றவைத்து, விசில் சத்தம் மெல்ல ஏறிப்போகிற டெஸ்ட் சீடியைப் போட்டேன். நான் நேர் எதிரே நின்றேன், அவர் பக்கவாட்டில் நின்றார். பிறகு இடம் மாறினோம். பக்கத்தில் சத்தம் எங்கே இறங்குகிறதோ, அதற்கேற்ப வாயின் விளிம்பைத் தேய்ப்பார். கடைசியில் எங்கே நின்று கேட்டாலும் ஒரே மாதிரி வந்தது. "தெங் ஹரி" என்று அவர் சிரித்தார். இப்போது சரி என்று அர்த்தம். அப்போதுதான் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

"கோ ட்ரைவர்லா தென்னா?" என்றார் சாஜன், அதாவது பொலிஸ் சார்ஜன்ட். எங்கே அந்த இரண்டு பேரும்?

நான் மேசையைக் காட்டினேன். கன்னத்தில் அறை விழுந்தது. கேலி செய்கிறேன் என்று நினைத்தாராம்.

என்னையும் சாமானையும் பொலிஸுக்குக் கொண்டுபோய் அவர்களும் டெஸ்ட் செய்தார்கள். கப்பாசிட்டரைப் பிய்த்துவிட்டு, ஒரு ட்ரைவரின் வயரை நேரே ஜீப் பெட்டரியில் தொட்டார்கள். டப் என்றது, உள்ளே கொயில் கம்பி கருகிய வாசம் வந்தது. அத்தோடு அது செத்தது.

யாருடைய சாமான் என்று கேட்டார்கள். கிளாக்கர் ஐயாவின் ஆர்டர் என்றேன். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்புவோம் என்றார் சாஜன். அப்படிக் கொண்டுபோன ஆளை எங்கே தேடுவது என்று அந்தக் காலத்தில் வீட்டாருக்குத் தெரியாது. ஆனாலும் எனக்குப் பயம் குறைந்துவிட்டது. கிளாக்கர் ஐயா வருவாரே.

வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த சாமானைப் பார்த்தார்.

"மம தன்னே நே" என்றார். எனக்குத் தெரியாது. பஜாரில் முகம் பார்த்த பழக்கம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். சாஜனைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

என்னை வெளியே எடுத்தது விமலே பாஸ். அவரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டிருந்தார்கள். அந்த மனிதர் மர வாயைத் தூக்கிக்கொண்டு பொலிஸுக்கு வந்து, மிஞ்சியிருந்த ட்ரைவரை அதில் திருகிக் காட்டிக் கத்தினார்: "மாத்தயா, தென்னா நெவெய், தெக்க! தெக்க!" ஆள் இல்லை ஐயா, சாமான்!

சாஜனுக்குப் புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பொலிஸ் முழுக்க என் சிங்களத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்து முடித்துத்தான் விட்டார்கள். அறையைவிட அந்தச் சிரிப்பு வலித்தது. கிளாக்கர் ஐயாவின் வார்த்தை அதைவிட வலித்தது.

கப்பாசிட்டர் பாடத்தை மேலே சொல்லிவிட்டேன். மற்றப் பாடத்தைக் கிளாக்கர் ஐயாவே கடைக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். ஊரில் இந்தப் பேச்சு அடங்கின பிறகு ஒரு நாள், ஒன்றும் நடக்காததுபோல வந்து நின்றார்.

"பாஸ், நம்ம பொட்டி எந்த மட்டுல இருக்கு?"

"செய்யலீங்க."

"கோவிச்சுக்கப்படாது பாஸ். நானும் உள்ள மாட்டிக்கிட்டா அப்பறம் நம்ம ஆளுகளுக்குப் பேச யாரு இருக்கா, சொல்லுங்க?"

"அன்னைக்கு நம்ம ஆளு நாந்தானுங்களே ஐயா."

அந்தப் பெட்டிகளை நான் செய்யவே இல்லை.