செம்பூரில், அழித்துவிட்டதாகச் சொன்ன கோப்பைத் தேடி

பம்பாயில் பழைய அரசுக் கோப்பைத் தேடிப் போவது எப்படி என்று இந்த வலைப்பூவில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது 1987 ஆகஸ்டில். கட்டணமும் நேரமும் இன்று மாறியிருக்கும். எனக்கு அன்று வந்த கோபம் மட்டும் மாறவில்லை. அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் புரோகிராம் எழுதும் வேலை. எந்தக் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், எதை எப்போது அழிக்க வேண்டும் என்று அரசு விதி உண்டு. அந்த விதிப்படி நடந்தோம் என்று ஒவ்வொரு கோப்பறையும் மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பம்பாயில் ஓர் அலுவலகத்துக்காக அந்த அறிக்கையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தவள் நான். அவர்களுடைய செம்பூர் கோப்பறை மட்டும் ஆறு மாதமாக நூற்றுக்கு நூறு. "நேரில் பார்த்து மெச்சி நாலு வரி எழுதிக்கொண்டு வா, மற்றவர்களுக்குக் காட்டி விற்கலாம்" என்று மேனேஜர் அனுப்பி வைத்தார்.

தங்கியது மாட்டுங்காவில் ஒரு பெண்கள் விடுதி. செவ்வாய்க்கிழமை காலை 8.10க்கு மாட்டுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறி, 8.55க்குச் செம்பூர். இரண்டாம் வகுப்பு ஒரு ரூபாய். சயான் தாண்டியதுமே வாசலுக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் குர்லாவில் இறங்க விடமாட்டார்கள்.

வெளியே கொட்டும் மழை. இருந்தது ஒரே ஆட்டோ. என்னுடைய இந்தியைக் கேட்டதும் பக்கத்தில் நின்றவர், "தமிழாம்மா நீங்க? நானும் அங்கதான் போறேன், ஏறுங்க" என்றார். பெயர் காதர் பாய். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை.

"நாலு தடவ அலைஞ்சுட்டேன் தங்கச்சி. ரோட்ட அகலம் பண்ணுதான். பழைய காகஜ் பத்திரம் இருந்தாத்தான் மாத்து ஜாகா, வேற எடம் தருவானாம். எழுபத்தொண்ணுல நான் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்த ஃபைலு இங்கதான் கெடந்துச்சு. கேட்டா அழிச்சாச்சுன்னு சொல்லுதான். வியாழக்கிழமை ஹியரிங். பதினோரு பேரு தைக்கிற பட்டறைம்மா."

கம்ப்யூட்டரில் அப்படி இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது. இரண்டு கிலோமீட்டர், மூன்று ரூபாய். என்னைக் கொடுக்க விடவில்லை அவர்.

கோப்பறையின் குமாஸ்தா ஒரு மராத்திக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. பட்டியலை நீட்டினார். காதர் பாயின் கோப்பு எண்ணுக்கு நேரே 'அழிக்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. கூழாக்க வாங்கிக்கொண்ட காகித ஆலையின் ரசீதைக் காட்டுங்கள், என் குறிப்புக்கு வேண்டும் என்றேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்தால், சிவப்புத் துணியில் கட்டிய கோப்புக் கட்டுகள் கூரை வரைக்கும் நின்றன. ஒன்றுகூட அழிக்கப்படவில்லை.

"ஆலை லாரி ஆறு மாசமா வரலை மேடம்" என்றார் இந்தியில். "முன்னெல்லாம் ரிஜிஸ்தர் ஓரத்தில் பென்சிலால் 'லாரி வரவில்லை' என்று எழுதி அனுப்பிவிடுவேன். உங்கள் மெஷினில் ஓரமே இல்லை. அழிக்க வேண்டியதும் அழித்ததும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால் அறிக்கையை வாங்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாம் தேதிக்குள் ஃப்ளாப்பி போகாவிட்டால் எனக்கு மெமோ. நான் என்ன செய்ய?"

குறிப்பு எழுத இடம் விடலாமா என்று புரோகிராம் எழுதும்போது யோசித்திருந்தேன். திரையில் நெருக்கடியாகும் என்று கைவிட்டேன். இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டுப்பாடு என் சாமர்த்தியம், அதற்காகப் பாராட்டுகூட வாங்கியிருந்தேன்.

நாற்பது நிமிடத்தில் காதர் பாயின் கோப்பு இருந்த கட்டு கிடைத்தது. விண்ணப்பத்தின் அடியில் தமிழில் கையெழுத்து. "நான்தாம்மா போட்டது" என்று காதர் பாய் அதைத் தொடாமலே காட்டினார்.

அடுத்தது அதிகாரி அறை. கோப்பைக் கண்ணெதிரே வைத்த பிறகும் அந்த மனிதர் சொன்னதைக் கேளுங்கள்: "பதிவேட்டில் இது இல்லை. இல்லாத கோப்புக்கு எப்படிச் சான்று நகல் தருவது?"

"சாப், கையிலதான இருக்கு" என்றார் காதர் பாய்.

"கம்ப்யூட்டர் இல்லை என்கிறது."

அந்தப் புரோகிராமை எழுதியவள் நான், தப்பு அதில்தான் என்று சத்தம் போட்டேன். புரோகிராமில் பிழை என்று உங்கள் நிறுவனம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் அதிகாரி. அப்படி எழுதவே கூடாது என்பது எங்கள் நிறுவனத்தில் முதல் பாடம். நான் ஒரு வெள்ளைத்தாளை வாங்கி, 'அறிக்கை பொய், கோப்புகள் அனைத்தும் பின்கட்டில் இருக்கின்றன, பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாலை 5.20க்கு முத்திரை வைத்த நகல் கிடைத்தது.

திரும்பும்போது சயானில் இறங்கி, பதினைந்து நிமிடம் நடந்து அவர் பட்டறைக்குப் போனோம். எல்லாருக்கும் டீ வந்தது. காதர் பாய்தான் கேட்டார்: "மத்த கட்டெல்லாம் என்னம்மா ஆவும்? அதுவும் யாருட்டயோ உள்ளதுதானே?"

திருத்திவிடுவேன் பாய் என்றேன். வியாழக்கிழமை அவருக்கு மாற்று இடம் எழுதிக் கொடுத்தார்கள்.

போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். காலை பத்துக்குள் போங்கள். கோப்பு எண்ணும் வருடமும் எழுதிக்கொண்டு போங்கள். 'அழிக்கப்பட்டது' என்றால் ஆலை ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் கோப்பு இருக்கிறது என்று பொருள். அதிகாரியிடம் அல்ல, சாவி வைத்திருப்பவரிடம் பேசுங்கள்.

நான் சென்னை திரும்பிக் குறிப்புக்கு இடம் வைத்து, புரோகிராமை மாற்றி அனுப்ப மூன்று வாரம் ஆனது. அதற்குள் குமாஸ்தாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அறிக்கை பொய் என்று எழுத்தில் வந்துவிட்டதே என்று அதிகாரி பயந்துபோய், மறுநாளே இரண்டு லாரிகளை வரவழைத்து, பின்கட்டில் இருந்த கட்டுகளை எல்லாம் ஆலைக்கு அனுப்பிவிட்டாராம். ஆறு மாதமாக வராத லாரியை என் கையெழுத்துதான் கொண்டுவந்தது. பிறகு யார் யார் அங்கே வந்து தங்கள் கோப்பைக் கேட்டார்களோ, அவர்களிடம் அந்தப் பட்டியல் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.