பகல் வெளிச்சம், நூறு வாட்ஸ்

போன மாதம் ஒரு நாள். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் போய் நின்று, "பகல் வெளிச்சம் மாதிரி எரியிற பல்பு இருக்குங்களா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலை பதினோரு மணி. அடைமழைக்கு நடுவே அன்றைக்கென்று சுள்ளென்று வெயில்.

"எதுக்குக் கேக்குறீக?"

"போட்டோ எடுக்க."

"வெளியில வச்சு எடுக்க வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அக்காவுக்குக் கல்லலில் வீடு. ஒரே மகள் பூங்கொடி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாநிறம். வரன் பார்க்க ஆரம்பித்து ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் கையில் அன்றைக்கு என்ன பிரஷ் இருந்ததோ... பூங்கொடி அதில் பால்கோவா மாதிரி இருந்தாள். அதைப் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா எங்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்கள் — "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே!"

பொருள் மாற்றிக் கொடுத்த கடைக்காரனிடம் சொல்கிற மாதிரி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன பூங்கொடி, ரொம்ப நேரம் டம்ளர் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் என்னிடம் வந்தாள். "மாமா, நான் எப்படி இருக்கேனோ அப்படி ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. இல்லைன்னா இனிமே யாரும் என்னையப் பார்க்க வர வேணாம்."

எங்கள் சொந்தத்தில் காமிரா வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். போட்டோகிராபியில் எனக்கிருக்கும் தகுதியும் அது ஒன்றுதான். இருந்தாலும் தாய்மாமனாயிற்றே, ஒப்புக்கொண்டேன். வாசலில் நிறுத்தி ஒரே கிளிக். முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

அக்கா விட்டால்தானே! "வெயில்ல நிறுத்தாதே தம்பி. கண்ணைச் சுருக்குவா, மூஞ்சி கருத்துப் போகும். தெருவே நின்னு வேடிக்கை பார்க்கும். வீட்டுக்குள்ள வச்சு எடு."

வீட்டுக்குள் வெளிச்சம் பற்றாது. அக்காவுக்கு வெயில் ஆகாது. மகளுக்கோ பொய் ஆகாது. ஆக... வெயில் இல்லாத வெயில் வேண்டும். புரிகிறதா நான் ஏன் கடையில் நின்றேன் என்று?

கடைக்காரர் நீலப் பூச்சுப் பூசிய ஒரு பல்பை எடுத்து வைத்தார். "டே லைட். நூறு வாட்ஸ்."

நீல பல்பு எப்படிப் பகலாகும்? கேட்டேன். சாதா பல்பில் மஞ்சள் ஜாஸ்தியாம், நீலம் அதை அடக்குமாம். அப்படியென்றால் டியூப் லைட்? அது வெள்ளைதானே? "கண்ணுக்குத்தான் வெள்ளை. ஃபிலிமுக்குப் பச்சை" என்றார். ஃபிலிமுக்குத் தனிக் கண்ணா? இருக்கிறதாம். பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர், சாதா பல்பிலேயே நீலக் கண்ணாடித்தாள் சுற்றினால் போதும், அவருடைய மச்சான் அப்படித்தான் எடுக்கிறார் என்றார். தாள் தீப்பிடிக்காதா? அதை மச்சானிடம்தான் கேட்க வேண்டுமாம்.

தலை சுற்றியது. கடைக்காரருக்கே என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். எதிரே ஜவுளிக்கடையைக் காட்டினார். "அங்குட்டுப் பாருங்க."

ஓர் அம்மா, ஒரு சேலையைத் தெருவுக்கே கொண்டுவந்து முந்தானையை வெயிலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை ஆள் பேசாமல் பக்கத்தில் நின்றார். நம் ஊரில் இது வழக்கம்தானே? கடைக்குள்ளே எத்தனை விளக்கு எரிந்தாலும் தெருவுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் யார் சேலை எடுக்கிறார்கள்?

"நெசக் கலரு தெருவுலதான் சார் தெரியும்" என்றார், பல்பு விற்கிறவர். சொல்லிவிட்டு பல்புக்கும் பில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மழை. கூடத்தில் பூங்கொடியை உட்கார வைத்து சாதா பல்பில் எடுத்தேன், டியூப் லைட்டில் எடுத்தேன், கடைசியாக நம் நூறு வாட்ஸ் பகலை மாட்டினேன். கல்லல் வோல்டேஜ் தெரியும்தானே? பகல் எரியத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் சாயங்காலமாகி, மங்கிப்போய் நின்றது. அதிலும் எடுத்தேன்.

கலர் லேபில் கொடுத்து வாங்கினால்... மூன்று பூங்கொடி! சாதா பல்பில், மஞ்சள் தேய்த்துக் குளித்தவள். டியூப் லைட்டில் பச்சை பாய்ந்து, காமாலையிலிருந்து தேறி வருகிறவள். நீல பல்பில் அட்டக் கறுப்பு. கவரில் கூடுதலாக ஒரு பிரிண்ட் வேறு. அதில் பழையபடி பால்கோவா!

"இது என்னங்க?" என்று லேப் ஓனரைக் கேட்டேன்.

"பொண்ணு போட்டோன்னு பார்த்தாலே தெரியுதே சார். நானாத்தான் கொஞ்சம் கலரைத் தூக்கி விட்டேன். நல்ல காரியம், காசு வேணாம்."

இவரை என்ன செய்வது?

வீட்டில் நான்கையும் பரப்பினேன். அக்கா பாய்ந்து பால்கோவாவை எடுத்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து பூங்கொடி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளையின் நிறம் என்னவென்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பூங்கொடி நீல பல்பு போட்டோவை எடுத்தாள். "இதை அனுப்புங்க மாமா. இதைவிடக் கறுப்பா நான் எந்த வெளிச்சத்துலயும் இருக்க மாட்டேன். இதைப் பார்த்துட்டு வாரவுக ஏமாற மாட்டாக."

அக்கா அழுதாள். "இதைப் பார்த்துட்டு யாருடி வருவா?"

வந்தார்கள். பரமக்குடியிலிருந்து. மாப்பிள்ளை, அவர் அம்மா, தரகர். அந்தப் போட்டோ மாப்பிள்ளையின் அம்மா கையில். பூங்கொடி காபி கொண்டுவந்தாள். அந்த அம்மா போட்டோவைப் பார்த்தார், பூங்கொடியைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே..."

அடக் கடவுளே! இந்த முறை நேரில் நிறம் கூடிப்போனதில் சந்தேகம்! பவுடராக இருக்குமோ என்று அந்த அம்மா கன்னத்தை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து பூங்கொடியின் கையைப் பிடித்தார். "கோவிச்சுக்காத ஆத்தா. ஒருக்கா ஒரு இடத்துல ஏமாந்துட்டோம். இங்குட்டு வா, வெளிச்சத்துல நில்லு."

வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டார். ஜவுளிக்கடை சேலைதான் எனக்கு ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் வாசலிலிருந்து பூங்கொடியின் குரல். "அத்தை, அவுகளையும் இங்குட்டு வரச் சொல்லுங்க. அவுக போட்டோவும் ஸ்டூடியோவுல எடுத்ததுதானே? நானும் வெயில்ல ஒருக்காப் பார்த்துக்கிறேன்."

தரகர் பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை எழுந்தார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்றே நினைத்தேன். நேரே வாசலுக்குப் போய் வெயிலில் நின்று, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். எங்களுக்கு வந்திருந்த போட்டோவைவிட ரெண்டு படி கூடுதல் கறுப்பு!

"எங்க ஊர் ஸ்டூடியோக்காரர் கொஞ்சம் தாராளமான மனுசங்க" என்றார்.

பூங்கொடி சிரித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு. தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. அக்கா எதற்குப் பயந்தாளோ அது அப்படியே நடந்தது.

தை மாதம் கல்யாணம். போட்டோ எடுக்கும் பொறுப்பு எனக்குத்தான். பூங்கொடிக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"மாமா, முகூர்த்தத்தை வெயில் நல்லா ஏறுன பிறகு வைக்கச் சொல்லுங்க!"