பைரவர் இலையில் கிடந்த திராட்சை

தேய்பிறை அஷ்டமி அன்று மட்டும் எங்கள் வீட்டு அடுப்பு என்னுடையது. மற்ற நாட்களில் ஒரு காபி போடத் தெரியாத நான், அன்றைக்குக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்று சர்க்கரைப் பொங்கல் கிண்டுவேன். வெல்லம், நெய், முந்திரி, கை நிறைய உலர்திராட்சை. பைரவர் படத்துக்கு முன்னால் படைத்தபின் முதல் இலை எங்கள் நாய்க்கு. சாமியின் வாகனமே வாசலில் படுத்திருக்கும்போது வேறு யாருக்கு முதலில் வைப்பது?

தாராவியில் எங்கள் சந்து முனையில் மழைத் தண்ணீரில் கிடந்த குட்டி அது. என் மகள்தான் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். இருக்கிற ஒற்றை அறைக்குள் நாயா என்று சத்தம் போட்டேன். ஒரு வாரத்தில் அது என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்க ஆரம்பித்துவிட்டது. தோல் பட்டறையில் இருந்து வாடையோடு வரும் என்னை வீட்டில் எல்லோரும் "முதல்ல குளிங்க" என்பார்கள். அது மட்டும் ஓடிவந்து கையை நக்கும்.

அஷ்டமி இலையை வாசலுக்குக் கொண்டுபோய் வைப்பது மகள்தான். "நீங்க கும்பிடுங்கப்பா, நான் வைக்கேன்" என்பாள். ஆபீஸ் போகிற பிள்ளை, எதற்கெடுத்தாலும் ஹிந்தியில் பேசுகிற பிள்ளை, இந்த ஒன்றில் இவ்வளவு பக்தியாக இருக்கிறாளே என்று எனக்குப் பெருமை. பட்டறையில்கூடச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன்.

ஓர் அஷ்டமிக்கு மகளும் என் மனைவியும் தாணேயில் ஒரு பிறந்தநாளுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அன்றைக்கு இலையை நானே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அது தின்பதைப் பார்த்தேன். இலையைக் கிழித்து நக்கியது. மனசு நிறைந்திருந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் வாசல் முழுக்க வாந்தி. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. தண்ணீரை வாயருகே கொண்டு போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

மகள் பையைப் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"அப்பா, நேத்து இதுக்குப் பொங்கல் வச்சீங்களா?"

"வைக்காம? அஷ்டமில்லா."

"கிஸ்மிஸ எடுத்துட்டா வச்சீங்க?"

"அத எதுக்குட்டி எடுக்கணும்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். என் மனைவி தரையைப் பார்த்தாள். என்னவோ இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது.

இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தவில்லை. மூன்றாவது ஆள், வாந்தி எடுத்தால் யார் கழுவுவது என்று கேட்டார். "மை கரேகா பையா, சலோ" என்று, நானே கழுவுவதாகச் சொல்லி, என் துண்டைச் சீட்டில் விரித்தேன். செம்பூரில் நாய் டாக்டர் ஊசி வைத்து ரத்தம் எடுத்தார். திராட்சை சில நாய்களின் கிட்னியைக் கெடுத்துவிடும், ட்ரிப் ஏற்றிப் பார்த்தால்தான் பிழைக்குமா என்று சொல்ல முடியும் என்றார்.

வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். மகள் அழுதுகொண்டே சொன்னாள். அது குட்டியாக இருக்கும்போதே போனில் படித்தாளாம். அதிலிருந்து ஒவ்வொரு அஷ்டமிக்கும் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திராட்சையைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் இலையை வைப்பாளாம். அம்மாவுக்கும் தெரியுமாம்.

"எடுத்தத என்ன பண்ணுனிய?"

"நாந்தான் தின்னேன்" என்றாள் மனைவி. "சாமி பிரசாதம், தூரவா போட முடியும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா கேக்க ஆளா நீங்க? பிரசாதத்துல வெஷம்னா சொல்லுதியன்னு சாமியாடிருக்க மாட்டியளா?"

ஆடியிருப்பேன். ஒருநாள் ஆடியிருப்பேன். அடுத்த அஷ்டமிக்குத் திராட்சை இல்லாமல் கிண்டியிருப்பேன். என் செருப்பின் மேல் தூங்குகிற உயிர் அது. இது கட்டிக்கொண்டவளுக்கும் தெரியவில்லை, பெற்ற பிள்ளைக்கும் தெரியவில்லை. நான் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு வேலை நடந்திருக்கிறது. நான் ஊரெல்லாம் பெருமை பேசிய பக்தி இதுதான்.

பைரவரிடமும் கேட்டேன். உம்ம வாகனம், உம்ம நாள், உம்ம இலை. இவர்கள்தான் சொல்லவில்லை, நீராவது என் கையைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா? அன்று மாலை விளக்கேற்றினேன், ஏற்றாமல் இருக்க முடியாது. ஆனால் கும்பிடவில்லை.

ட்ரிப் ஏறிய நாட்களில் மகள் லீவு போட்டு அதன் பக்கத்திலேயே இருந்தாள். நான் பட்டறை முடிந்து ரயிலேறிப் போவேன். "மூத்திரம் போச்சாட்டி?" என்று மட்டும் கேட்பேன். "போச்சுப்பா" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கடைசியில் டாக்டர், கிட்னி தப்பித்தது, வீட்டுக்குக் கொண்டு போங்கள், இனி இனிப்பே கூடாது என்றார். விலா எலும்பு தெரிய, முன்னங்காலில் முடி மழித்த இடத்தோடு வந்து, நேராக என் செருப்பைத் தேடிப்போய்ப் படுத்தது.

அடுத்த அஷ்டமிக்குச் சாமிக்குப் பொங்கலைத் திராட்சை போடாமல் கிண்டினேன். நாய்க்கு வெறும் சோறு, கொஞ்சம் மோர். இலையை நானே வாசலுக்கு எடுத்துப் போனேன். அது எழுந்து வந்து மோந்து பார்த்தது. வாய் வைக்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே மகளைப் பார்த்தது.

அவள் வந்து இலைப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மோர் ஊற்றிய வெள்ளைச் சோற்றில் ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. இருந்தும் விரலை விட்டு ஒரு முறை கிளறினாள்.

"பாத்துட்டியா?" என்றேன்.

"பாத்துட்டேம்ப்பா."

அதன்பிறகுதான் நாய் தின்றது. இந்தத் தடவை எனக்கு முதுகைக் காட்டாமல் என் முகத்துக்கு முன்னால் கிளறினாள். அது போதும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. உள்ளே போய் விளக்கைத் தூண்டிவிட்டேன்.