பின்பக்கம் தாழ்ந்த வண்டி

மெல்பேர்னில், எங்கள் கிரெய்கிபர்ன் வீட்டுக் கராஜில் கோடை முழுவதும் நின்ற, மகன் மலைப்பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலின் பின்பக்கம் தாழ்ந்துபோயிருந்தது. மகன் தரையில் படுத்து, ஸ்பிரிங்குக்குள் கையை விட்டான்.

"அப்பா, மேல ஏறி இருங்கோ. எவ்வளவு இறங்குதெண்டு பாப்பம்."

கிறீஸ் மணத்தது. நான் ஏறாமல் சீற்றைப் பிடித்தபடி நின்றேன்.

நான் சிறுவனாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் என் அப்பா வாடகைக் கார் ஓடினார். பின் ஸ்பிரிங் முனகினால் காரைத் தூக்கும் ஜக்கை வைத்து உயர்த்தி, பாரத்துக்கு என்னைப் பின்சீற்றில் இருத்திவிட்டு அடியில் படுத்து ஸ்பிரிங்குக்குள் கையை விடுவார். வெயிலில் சீற்று தொடையைச் சுடும். "ஆடாமல் இரடா" என்பார். ஒருநாள் விளையாட்டாகத் துள்ளினேன். சீற்று என்னோடு கீழே இறங்கியது. அடியிலிருந்து சத்தமே இல்லை. அப்பா செத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் அலறினார்.

இடக்கை விரல்கள் மூன்று அதன்பின் மடங்கவே இல்லை. "ஜக் வழுக்கிப்போட்டுது" என்றே கடைசிவரை எல்லாரிடமும் சொன்னார். நானும் வாய் திறக்கவில்லை.

"என்னப்பா, பயமே? இது விழாது" என்று மகன் சிரித்தான்.

"முதல்ல கையை வெளியில எடு. அப்பப்பான்ர விரல் மடங்காமப் போனது ஜக்கால இல்லை. நான் துள்ளினனான்."

அவன் கையை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அப்பப்பாக்குத் தெரியுமே?"

"ஓம். ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை."