றைஸ் குக்கரோடு பால்சம் ஏரிக்கு

ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில், ரெக்ஸ்டேலில் நான் குடியிருக்கும் பேஸ்மென்றில் இருந்து காட்டுக்குப் புறப்பட்டேன். காரின் பின்பக்கம் ஒரு கூடாரம், பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிப் போட்ட மேப்பிள் விறகு, உருளைக்கிழங்கு, கரட், வறுத்த கறித்தூள், ஒரு சீப்பு வாழைப்பழம், சொக்லேற், மாஷ்மெலோ, அலுமினியத்தாள் இரண்டு சுருள். முன் ஆசனத்தில் பெல்ற் போட்டபடி என் றைஸ் குக்கர். பாரமாக எதை அந்த ஆசனத்தில் வைத்தாலும் மனிதர் என்று நினைத்துக் கார் கத்தத் தொடங்கிவிடும். பாவம், அந்த இடத்தில் மனிதர் இருந்து கனகாலம். அதற்கும் ஆசை இருக்கும்தானே.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் அபி, தாயோடு விட்பியில் இருக்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நீதிமன்றம் எங்கள் குடும்பத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றுவிட்ட வார இறுதிகளை எனக்குத் தந்தது. வருகிற மாதம் அவளுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு எந்த நீதிபதியும் அவளை என்னிடம் அனுப்ப முடியாது. விரும்பினால் வருவாள். விரும்புவாளா என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் துணிவில்லாதவர்கள் கூடாரம் வாங்குவார்கள். நான் வாங்கினேன்.

யூரியூப்பில் ஒரு தாடிக்காரர் விறகு நெருப்பில் சமைத்துக் காட்டுவார். அவர் சமைக்கும்போது பின்னால் மகள் சிரித்துக்கொண்டு நிற்பாள். பத்து வீடியோக்கள் பார்த்தேன். சமையல் மனதில் நின்றதோ இல்லையோ, அந்தச் சிரிப்பு நின்றது.

நானூற்றொன்றாம் இலக்க நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். எழுபது கிலோமீற்றருக்கு ஒன்றரை மணி நேரம். விட்பியில் புதிதாகக் கட்டிய வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. எட்டு வருடம் வந்துபோயும் நான் இன்னும் பக்கத்து வீட்டு வாசலில்தான் முதலில் நிறுத்துவேன். சுமதி கராஜ் வாசலில் நின்றா. என் பழைய மனைவி. காருக்குள் எட்டிப் பார்த்தா.

"உதென்ன, றைஸ் குக்கரோ?"

"ஓம். சோறில்லாமல் என்னெண்டு?"

"அங்க கறன்ற் இருக்கோ?"

"கனடாவில கறன்ற் இல்லாத இடம் இருக்கோ?" என்று கேட்டேன். அவ எட்டிப் பார்த்த தலையை வெளியே எடுத்தா. பதினொரு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவ. எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

அபி குக்கரைத் தூக்கிப் பின்னுக்கு வைத்துவிட்டு, காதில் இயர்போனோடு ஏறினாள். பன்னிரண்டாம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே, புரூக்லின், போர்ட் பெரி தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். வழியில் கோப்பி வாங்கினோம். என்னுடையது இரண்டு டொலர். அவளுடைய ஐஸ் போட்டது ஐந்து. வெள்ளை மாடுகளைக் காட்டினேன். "நைஸ், அப்பா" என்றாள். தண்ணீர்த் தாங்கி ஒன்றைக் காட்டினேன். அதற்கும் நைஸ்தான்.

மதியம் பால்சம் ஏரிப் பூங்காவின் வாசலில் சீருடை போட்ட ஒரு பெண்பிள்ளை எங்களை மறித்தாள். என்ன விறகு, எங்கே வெட்டியது, எத்தனை நாளானது என்று கேட்டாள். வெளி விறகில் பூச்சி வருமாம், காட்டைத் தின்றுவிடுமாம். நான் இந்த நாட்டுக்குள் வந்தபோது விமான நிலையத்தில் என்னைக்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது, மேப்பிளுக்குக் கிடைக்கவில்லை. அதை இறக்கிக் கொடுத்துவிட்டு, பை பத்து டொலர்ப்படி இரண்டு பை விறகு வாங்கினேன்.

"உங்கள் இடத்தில் மின்சாரம் இல்லை, தெரியும்தானே?" என்றாள் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில்.

தெரியும் என்று தலையாட்டினேன். அபி என்னைப் பார்த்தாள். நான் றோட்டைப் பார்த்தேன்.

கூடாரத்தை அடித்து முடித்தபின், யாரும் காணாத நேரம் பார்த்து ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்தேன். பிளக் இல்லை. ஆனால் யோசனை என்பது யாழ்ப்பாணத்தானுக்கு நின்றுபோகிற சாமானா? கழிவறைக் கட்டடத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், முகம் மழிக்கிற மெஷினுக்கு என்று ஒரு பிளக் இருந்தது. அரிசியைக் கழுவித் தண்ணீர் அளந்து ஊற்றி, குக்கரைக் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஆளியை அமத்தினேன். சிவப்பு லைற் எரிந்தது. இத்தனை வருடத்தில் ஒரு லைற்றைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் பாதிக் கன்னம் மழித்தபடி நின்றார். குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சோறா?"

"சோறு."

"நல்லது" என்று மற்றக் கன்னத்தில் மெஷினை வைத்தார். அந்த நொடியில் டப் என்றது. லைற், கைகாய வைக்கிற மெஷின், அவருடைய மெஷின், எல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன. அவர் அரைத் தாடியோடு வெளியே போனார். வாசலில் அபி நின்றாள்.

"அப்பா. ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம்."

தாடிக்காரரின் மகளாக இருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பாள்.

அரை வேக்காட்டு அரிசியோடு திரும்பி வந்து நெருப்பு மூட்டினேன். தாடிக்காரரின் முறை இலகுவானது. உருளைக்கிழங்கையும் கரட்டையும் மெல்லியதாக வெட்டி, வெண்ணெயும் உப்பும் கறித்தூளும் பிரட்டி, அலுமினியத்தாளை இரட்டையாக மடித்துப் பொட்டலம் கட்ட வேண்டும். நான் அந்த அரிசியையும் அதற்குள் திணித்தேன். பிறகு தூக்கிச் சுவாலைக்குள் போட்டேன். கால் மணி நேரத்தில் எங்கள் இடத்தில் இருந்து எழுந்த புகையைப் பார்த்து, அடுத்த கூடாரத்தில் இருந்து ஒரு அன்ரி வந்துவிட்டா. எங்கட ஆக்கள்தான், அஜக்ஸ் நகரத்தில் இருந்து வந்தவர்கள்; அவர்களுடைய காஸ் அடுப்பில் கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் முதலே கேட்டது.

"தம்பி, சமைக்கிறியளோ, ஏதும் செய்வினை எடுக்கிறியளோ?"

"மரக்கறி, அன்ரி. வெள்ளிக்கிழமை எல்லே."

"எரியிற நெருப்பில வைச்சா கருகாமல் என்ன செய்யும்? எரிஞ்சு அடங்கட்டும், தணலில வையுங்கோ." பிறகு, நான் பயந்திருந்த கேள்வி வந்தது, என்னிடம் அல்ல. "அம்மா வரேல்லையே, பிள்ளை?"

அபி பொட்டலத்தைக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தாள். "அம்மாக்கு வேலை, அன்ரி. லீவு கிடைக்கேல்லை."

"ஐயோ பாவம். அடுத்த வருசம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம், அன்ரி."

அன்ரி போய், ஒரு தட்டில் மரக்கறிக் கொத்துரொட்டி அனுப்பிவைத்தா. நாங்கள் அதைத்தான் சாப்பிட்டோம். என் பொட்டலத்தைப் பிரித்தபோது வெளியே கரி, நடுவில் பச்சைக் கிழங்கு. அரிசி மட்டும் இரண்டுமாக இருந்தது. குப்பைத் தொட்டிக்குக் கரடி திறக்க முடியாத பூட்டுப் போட்டிருந்தார்கள். கரடியைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறேன்.

இருட்டுப்பட முன்னம் தணல் சிவந்து அடங்கியது. இனிப்புக்கு வந்தோம். வாழைப்பழத்தைத் தோலோடு நெடுக்காகக் கீறி, பிளவுக்குள் சொக்லேற்றும் மாஷ்மெலோவும் செருகி, தாளில் சுற்றித் தணலின் ஓரத்தில் வைக்க வேண்டும். அபி மாஷ்மெலோ பையைத் திருப்பி வாசித்தாள்.

"அப்பா, இதில ஜெலற்றின் இருக்கு. எலும்பில செய்யிறது. இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"உருகினாப் பிறகு அது கணக்கில்லை."

அப்போதுதான் சிரித்தாள். சின்னச் சிரிப்பு, மூக்கால் வந்தது. நான் தாடி இல்லாத நாடியைத் தடவிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் பழங்களை எடுத்தோம். தோல் கறுத்துவிட்டது, உள்ளே எல்லாம் ஒன்றாக உருகி, கரண்டியால் தோண்டித் தோண்டிச் சாப்பிட வேண்டும். உண்மையாகவே நன்றாக இருந்தது. நான் செய்த ஒன்று நன்றாக வந்தது. அவள் இரண்டாவதையும் பிரித்தாள். கேட்பதற்கு இதுதான் நேரம் என்று நினைத்து, தொண்டையைச் செருமினேன்.

"அப்பா, ஐ கொட் எ ஜொப்" என்றாள் அவள், கரண்டியைப் பார்த்தபடி. "விட்பியில, ஒரு கஃபேயில. செப்ரெம்பரில தொடங்குது."

"நல்ல விசயம்."

"சனி, ஞாயிறுதான் வேலை."

"எல்லாச் சனியுமோ?"

"ஓம். நான்தான் அப்படிக் கேட்டு எடுத்தனான்."

பழம் என் வாயில் இருந்தது. விழுங்கினால் பேச வேண்டும், ஆகவே மென்றேன். வாழைப்பழத்தை அவ்வளவு நேரம் மென்றவன் நானாகத்தான் இருப்பேன்.

"இற்ஸ் நொட் பிகோஸ் ஒஃப் யூ" என்றாள். "எனக்கு எப்பவும் ரெண்டு வீட்டுக்கும் பையோட திரியிறது அலுத்துப்போச்சு. நேரம் கிடைச்சா ரெக்ஸ்ற் பண்றன்."

"சம்பளத்தில எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தருவியோ? ஐஸ் போட்டது?"

"ஓகே, அப்பா."

இன்னொரு பழம் வேண்டுமா என்று கேட்டேன். போதும் என்றாள். மிச்சம் இருந்த பழங்களை நானே கீறி, நானே செருகி, நானே சுற்றி வைத்தேன். எடுக்க மறந்துபோனேன்.

சனிக்கிழமை விடிய மழை. கூடாரத்தின் ஒரு மூலையால் தண்ணீர் வந்தது. என்னுடைய மூலை, அது ஒரு ஆறுதல். சாம்பலுக்குள் வாழைப்பழப் பொட்டலங்கள் சேறாகிக் கிடந்தன. இரண்டு இரவுக்கு இடம் எடுத்திருந்தேன். "போவமோ, அப்பா?" என்று அபி கேட்டபோது மறுத்துச் சொல்ல என்னிடம் காய்ந்த விறகுகூட இருக்கவில்லை.

விட்பியில் இந்தமுறை சரியான வீட்டின் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். எட்டு வருடத்தில் முதல்முறை. சுமதி குடையோடு வந்து, அபியின் ஈரப் பையை வாங்கினா.

"சோறு வெந்ததோ?"

நான் வாயைத் திறக்க முன்னம் அபி சொன்னாள்: "வெந்தது, அம்மா. நல்லா இருந்தது."

சொல்லிவிட்டு, கார் ஜன்னலுக்குள் கை விட்டு என் தோளில் ஒருமுறை தட்டினாள். புகை மணம். பிறகு உள்ளே போய்விட்டாள். எனக்காகப் பொய் சொல்லுகிற அளவுக்கு என்மேல் அவளுக்குப் பிரியம் இருக்கிறது. வருகிற அளவுக்கு இல்லை. இரண்டும் ஒரு பிள்ளைக்குள் இருக்கலாம் என்று, போய்வர முந்நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

நானூற்றொன்றில் மேற்கே வரும்போது குக்கர் மறுபடி முன் ஆசனத்தில் இருந்தது. நான் பெல்ற் போடவில்லை. கார் கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன்.

ரெக்ஸ்டேலில் ஒரு குறையும் இல்லை. பிளக் சுவரில் இருக்கிறது, கரடி வராது, மழை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. கழுவி, துடைத்து, அரிசி அளந்தேன். இது அவள் என்னிடம் வருகிற வார இறுதி. கை தன் பழக்கத்துக்கு இரண்டு சுண்டு போட்டுவிட்டது. ஒரு சுண்டைத் திரும்ப அள்ளி அரிசி வாளிக்குள் கொட்டிவிட்டு ஆளியை அமத்தினேன். சிவப்பு லைற் உடனே எரிந்தது. இருபது நிமிடத்தில் டக் என்று ஆளி எழும்பியது. சோறு, ஒரு பருக்கை பழுதில்லாமல், வெந்திருந்தது.